ஏதிலிச் சிறார்: பாலாச்சடி முதல் கும்மிடிப்பூண்டி வரை

போர் நடக்கும் நாட்டிலிருந்து உயிர் தப்பி, இன்னொரு நாட்டில் சோறும் தங்க இடமும் பள்ளிப் படிப்பும் பெற்ற பிள்ளைகளே ஏதிலிச் சிறார். பெற்றோர் கைபிடித்து வந்தவர்கள், பெற்றோரால் தனியே அனுப்பப்பட்டவர்கள், பெற்றோரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் என்று இவர்களில் மூன்று வகையினர் உண்டு. இந்திய மண்ணில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டுகள் மூன்று. 1942 முதல் 1948 வரை இங்கே வளர்ந்த போலந்துப் பிள்ளைகள் முதலாவது. 1959க்குப் பின் வந்த திபெத்தியப் பிள்ளைகள் இரண்டாவது. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றாவது. போலந்துக் கதைக்கு வார்சாவில் நினைவுச் சின்னம் உண்டு. ஈழக் கதையோ எண்ணிக்கையில் இவற்றுள் பெரியது. நாற்பது ஆண்டு தாண்டியும் முடியாதது. ஆனாலும் அதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

ஐரோப்பிய முன்கதை

குழந்தைகளைக் கூட்டமாகக் கடல் கடத்திக் காக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கெர்னிக்கா குண்டுவீச்சுக்கு அடுத்த மாதம், 1937 மே மாதத்தில், ஏறத்தாழ 4,000 பாஸ்க் குழந்தைகள் ஹபானா என்ற ஒரே கப்பலில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1938 டிசம்பருக்கும் 1939 செப்டம்பருக்கும் இடையே நாஜிகளின் பிடியிலிருந்த பகுதிகளிலிருந்து சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதர்கள், பிரிட்டனுக்கு ரயிலேறினார்கள். வழியனுப்பிய பெற்றோரில் பலரை அவர்கள் மறுபடி பார்க்கவில்லை. பின்லாந்து தன் பிள்ளைகளில் ஏறத்தாழ 70,000 பேரை சுவீடனுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது பலருக்குத் தாய்மொழி மறந்திருந்தது.

பிரிட்டனும் தன் பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்ப 1940இல் ஒரு திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இரவு அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று பயணக் கப்பலொன்றைத் தாக்கி மூழ்கடித்தது. அத்திட்டத்தின் கீழ் அதில் பயணம் செய்த 90 சிறாரில் 77 பேர் இறந்தார்கள். கப்பலின் பெயர் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'. காசியின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலின் மாலுமிகளிலும் பலர் இந்தியர்கள். குழந்தைகளோடு அவர்களும் மாண்டார்கள். திட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது.

இந்த அனுபவங்களிலிருந்தே பிற்காலச் சட்டங்கள் பிறந்தன. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஆதரவற்ற பிள்ளைகளின் கல்வியை முடிந்தவரை அவர்களின் பண்பாட்டைச் சேர்ந்தவர்களிடமே ஒப்படைக்கச் சொல்கிறது. 1977இல் சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறையின் 78ஆம் பிரிவு இன்னும் கறாரானது. உடல்நலம், மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றில் தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டுமே, அதுவும் தற்காலிகமாக, பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு குழந்தையை அயல்நாட்டுக்கு அனுப்பலாம். படிப்பு அறுந்துபோகக் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த இடம், தாய்மொழி, மதம், புகைப்படம் கொண்ட அட்டை ஒன்று எழுதி செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் யாராவது அந்தக் குழந்தையைத் தேடி வருவார்கள் என்று நம்பி எழுதிய பிரிவு அது.

ஜாம்நகரின் போலந்துப் பிள்ளைகள்

1939 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனியும் 17ஆம் நாள் சோவியத் ஒன்றியமும் போலந்துக்குள் புகுந்தன. கிழக்குப் பாதியைப் பிடித்த சோவியத் அரசு 1940, 41ஆம் ஆண்டுகளில் லட்சக்கணக்கானோரைக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் நாடு கடத்தியது. 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யாவின் மீதே பாய்ந்ததும் நிலைமை தலைகீழானது. அந்த ஜூலையில் போலந்தின் புலம்பெயர் அரசும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொள்ள, கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது. ஜெனரல் ஆண்டர்ஸ் திரட்டிய படையோடு சேர்ந்து தெற்கே நகர்ந்த கூட்டத்தில் பெற்றோரைப் பசிக்கும் நோய்க்கும் பறிகொடுத்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1942இல் அவர்களில் பெரும்பாலோர் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானை அடைந்தார்கள்.

இவர்களை வைத்துக்கொள்வது யார்? ஈரானில் போர்க்காலப் பஞ்சம். பிரிட்டனோ இடமில்லை, கப்பலில்லை என்றது. அப்போது முன்வந்தவர்களில் முக்கியமானவர் கத்தியவாரிலிருந்த நவாநகர் சமஸ்தானத்தின் அரசர் ஜாம் சாஹிப் திக்விஜய்சிங்ஜி. ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன் அவர்; ரஞ்சித்சிங்ஜியின் வாரிசாக அரியணை ஏறியவர். சுதேச மன்னர்கள் சபையின் தலைவர், பிரிட்டிஷ் போர்க்கால அமைச்சரவையில் இந்தியப் பிரதிநிதி என்ற பதவிகளும் அவரிடம் இருந்தன. மன்னர் மனமிரங்கினார் என்று மட்டும் இதைச் சொல்வது வழக்கம். மனமிரங்கியது உண்மைதான். ஆனால் டெல்லியிலும் லண்டனிலும் அவர் பேச்சு எடுபடும் இடத்தில் இருந்தார் என்பதால்தான் அந்த இரக்கம் முகாமாக மாறியது.

முதல் கூட்டம் கடல் வழியே வரவில்லை. ஆஷ்காபாத்திலிருந்து லாரிகளில் ஏறி, ஈரானின் மஷ்ஹத், ஜாஹிதான் வழியாக மலையும் பாலையும் கடந்து, குவெட்டா வழியே 1942 ஏப்ரலில் இந்தியாவுக்குள் வந்தது. அந்தப் பயணத்தில் பிள்ளைகளோடு இருந்தவர்களில் ஒருவர் ஹாங்கா ஓர்டோனூவ்னா. போருக்கு முன் வார்சாவின் மேடைகளில் கொடிகட்டிப் பறந்த பாடகி, தாமும் சோவியத் முகாமிலிருந்து மீண்டவர். பம்பாயின் பாந்த்ராவில் சில மாதங்கள் தங்கிய பின், ஜூலை வாக்கில் பிள்ளைகள் பாலாச்சடிக்குப் போனார்கள். நவாநகரின் தலைநகரான ஜாம்நகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில், ஜாம் சாஹிபின் கோடைகால மாளிகைக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட நீண்ட கட்டடங்கள் அவர்களுக்காக எழும்பியிருந்தன.

பாலாச்சடியில் இரண்டு வயதுக் குழந்தை முதல் பதினாறு, பதினேழு வயது இளைஞர் வரை இருந்தார்கள். பாதிரியார் ஃபிரான்சிஷெக் ப்ளூட்டா முகாம் தலைவர். ஆசிரியர்கள் போலந்துக்காரர்கள், பாடம் போலிஷ் மொழியில், கொடிக்கம்பத்தில் போலந்துக் கொடி. சாரணர் படை, நாடகம், தேவாலயப் பாட்டு எல்லாம் இருந்தன. உள்ளூர் அணிகளோடு கால்பந்தும் ஹாக்கியும் ஆடினார்கள். காரம் பிள்ளைகளின் வாய்க்குப் பிடிக்காமல் போகவே, ஐரோப்பியச் சமையல் தெரிந்த கோவாச் சமையல்காரர்களை ஜாம் சாஹிப் வரவழைத்தார். தம்மை 'பாப்பு' என்று கூப்பிடச் சொன்னார். பிள்ளைகள் வளர்ந்து கிழவர்களான பிறகும் அப்படித்தான் சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய முகாம் 1943இல் கோலாப்பூர் சமஸ்தானத்தில், பஞ்சகங்கை ஆற்றை ஒட்டிய வளிவடேயில் அமைந்தது. சுமார் 5,000 பேர். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை, கோயில், மருத்துவமனை, அரங்கு எல்லாம் கொண்ட ஒரு போலந்துச் சிற்றூர் மராட்டிய மண்ணில் ஐந்தாண்டு காலம் இருந்தது. நுரையீரல் நோய் கண்ட பிள்ளைகள் பஞ்சகனி மலைக்கு அனுப்பப்பட்டார்கள். பம்பாயிலிருந்த போலந்துக் கன்சல் ஜெனரல் யூஜினியுஷ் பனாசின்ஸ்கியும் அவர் மனைவி கீராவும் முகாம்களின் நிர்வாகத்துக்கு முதுகெலும்பு. இந்தியாவில் இடம் கிடைக்காதவர்கள் உலகெங்கும் சிதறினார்கள்: இஸ்பஹான், டாங்கனிகாவின் டெங்கெரு, மெக்சிகோவின் சாந்தா ரோசா. நியூசிலாந்தின் பாஹியாட்டுவா முகாமுக்கு 1944 நவம்பரில் 733 பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த முகாம்களின் கல்வி முழுக்க ஒரு நம்பிக்கையின் மீது நின்றது. போர் முடியும், ஊர் திரும்புவோம், அதற்குள் மொழியும் வரலாறும் மறந்துவிடக் கூடாது. போர் முடிந்தது. ஊர்தான் இல்லாமல் போனது. பிள்ளைகள் பிறந்த கிழக்குப் போலந்து சோவியத் ஒன்றியத்தோடு இணைந்தது. 1945 ஜூலையில் வார்சாவின் கம்யூனிஸ்ட் அரசைப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஏற்றன. அநாதைப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பு என்று புதிய அரசு கேட்டது. அனுப்ப முகாமில் யாருக்கும் மனமில்லை. ஜாம் சாஹிபும் பாதிரியார் ப்ளூட்டாவும் பிரிட்டிஷ் தொடர்பு அதிகாரி ஜெஃப்ரி கிளார்க்கும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள் என்று முகாமின் வரலாறு சொல்கிறது. ப்ளூட்டாவைக் குழந்தை கடத்தியவர் என்று வார்சா ஏசியது. யாருடைய பிள்ளை என்ற கேள்வி இப்படித்தான் நீதிமன்றக் காகிதத்தில் முடிவானது.

1946இல் பாலாச்சடி மூடப்பட்டு எஞ்சியவர்கள் வளிவடேக்கு மாறினார்கள். 1948இல் அதுவும் மூடப்பட்டது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று போன இடங்களில் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. பாலாச்சடி வளாகத்தில் இப்போது சைனிக் பள்ளி நடக்கிறது. வார்சாவில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் அங்கே மலர் வைத்து, போலந்து இளைஞர்களுக்காக ஜாம் சாஹிப் பெயரில் பரிமாற்றத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார்.

அதே 1942இல் இன்னொரு கூட்டமும் இந்தியாவுக்குள் வந்தது. ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து கிளம்பிய இந்தியர்கள் நான்கைந்து லட்சம் பேர். தமிழர்கள் அவர்களில் கணிசமானோர். அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் நடந்தே கடந்தார்கள். வழியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் எத்தனையோ பேர். வெள்ளையருக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டார்கள் என்ற புகார் அன்றே எழுந்தது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் இவர்களுக்கு ஏதிலி என்ற பெயர்கூட இல்லை. பாலாச்சடிக்கு அளித்த கவனத்தில் ஒரு பங்கு பர்மாவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்தால் நம் ஊர்களில் அதற்கு ஒரு கல்வெட்டாவது இருந்திருக்கும்.

உமாதேவியும் திபெத்தியப் பிள்ளைகளும்

போலந்து முகாம்களையும் திபெத்திய முகாம்களையும் இணைத்த ஒருவர் சென்னையோடு தொடர்புடையவர். வாண்டா டைனோவ்ஸ்கா போலந்திலிருந்து 1935இல் இந்தியா வந்த பிரம்மஞான சபைக்காரர். ரமண மகரிஷியின் அடியவர். இங்கே உமாதேவி என்று அழைக்கப்பட்டார். மாரிஸ் ஃப்ரீட்மன் என்ற பொறியாளரோடு சேர்ந்து 1944இல் சென்னையில் இந்தோ-போலிஷ் நூலகம் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, இந்திய நூல்களைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுபோனார். முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தியாவை அறிமுகம் செய்யவும் அவர் முயன்றார். 1960க்குப் பின் தம் முதுமையைத் திபெத்தியப் பிள்ளைகளுக்குச் செலவிட்டு, 1971இல் மைசூரில் காலமானார்.

திபெத்தியப் பிள்ளைகளுக்கு நடந்தது ஓரளவு ஒழுங்கான கதை என்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். தலாய் லாமா 1959இல் இந்தியா வந்தார். சாலை போடும் வேலையில் இருந்த ஏதிலிகளின் பிள்ளைகள் 51 பேரோடு 1960 மே மாதம் தரம்சாலாவில் ஒரு காப்பகம் தொடங்கியது. தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா அதை நடத்தினார்; 1964இல் அவர் இறந்தபின் தங்கை ஜெட்சுன் பேமா பொறுப்பேற்றார். நேருவின் முன்முயற்சியில் மத்தியக் கல்வி அமைச்சகமே 1961இல் திபெத்தியப் பள்ளிகளுக்கெனத் தனி அமைப்பை நிறுவியது. சிறு எண்ணிக்கையிலான பிள்ளைகள் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி சிறார் கிராமத்துக்கும் போனார்கள். தனிப் பள்ளி, தனிப் பாடநூல், தாய்மொழிவழி ஆரம்பக் கல்வி என்று போலந்து முகாம்களின் வழியையே திபெத்தும் பின்பற்றியது.

தமிழ்நாட்டில் ஈழப் பிள்ளைகள்

ஈழப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தனிப் பள்ளி கட்டவில்லை. ஊரிலிருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது. மொழி ஒன்றாக இருந்ததால் இது இயன்றது. ஏதிலிக் கல்வி வரலாற்றில் அரிதான இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டின் சாதனையாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கொழும்பில் 1983 ஜூலை 24ஆம் நாள் தொடங்கிய தமிழர் படுகொலையை அடுத்து முதல் அலை வந்தது. மன்னார், பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து இரவில் கிளம்பும் படகுகள் தனுஷ்கோடி முனையிலோ, ராமர் பாலத்து மணல் திட்டுகளிலோ ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பின. இடைப்பட்ட கடல் முப்பது கிலோமீட்டர் அளவுதான். திட்டில் விடப்பட்டவர்கள் மீனவர்களோ கடலோரக் காவலரோ வரும்வரை குடிநீரின்றிக் காத்துக்கிடந்தார்கள். 1987 வரை ஏறத்தாழ 1,34,000 பேர் வந்தார்கள். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் சுமார் 25,000 பேர் திரும்பிப் போக, 1990இல் மறுபடி போர் மூண்டு இரண்டாம் அலையில் 1,22,000 பேர் வந்தார்கள். 1996இலும் 2006இலும் மேலும் இரண்டு அலைகள். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல்.

கரையேறியவர்களின் முதல் நிறுத்தம் மண்டபம் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதற்கு முன் நோய் பார்த்து நிறுத்திவைக்க வெள்ளையர் காலத்தில் கட்டிய இடம் அது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி நாடு திரும்பிய மலையகத் தமிழர்களும் அதன் வழியேதான் வந்தார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஏதிலிகளாக வந்து படுத்ததும் அதே கட்டடங்களில்தான். ஏதிலிகளில் கணிசமானோர் மலையக வம்சத்தினர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1977இன் வன்முறைக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, அங்கிருந்தும் போரால் விரட்டப்பட்டவர்கள் அவர்கள்.

மண்டபத்திலிருந்து குடும்பங்கள் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டன. தானியக் கிடங்கு, புயல் பாதுகாப்புக் கூடம், தற்காலிகக் கொட்டகை எனக் கிடைத்த இடமெல்லாம் முகாமானது; பிறகு பத்துக்குப் பத்து அடி வீடுகள் வந்தன. அவற்றுள் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள கும்மிடிப்பூண்டி முகாம். கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை ஒட்டியது. அதே மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; வீட்டை விட்டு ஓரடி நகராமலே மக்களுக்கு மாநிலம் மாறியது. மாநில எல்லைக்கு அந்த நெகிழ்வு உண்டு. நாட்டின் எல்லைக்கு இல்லை என்பதைக் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் தெரிந்துகொள்கிறார்கள்.

பள்ளிச் சேர்க்கையில் முதல் சிக்கல் காகிதம். மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ எடுத்துக்கொண்டு படகேறியவர்கள் குறைவு. இலங்கையில் பதினோராம் ஆண்டில் சாதாரணதரத் தேர்வு, பதின்மூன்றாம் ஆண்டில் உயர்தரத் தேர்வு. இங்கே பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும். எந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் தலைமையாசிரியரின் மனம்தான் முடிவு செய்தது. சேர்ந்தபின் சத்துணவு, சீருடை, பாடநூல், மிதிவண்டி என உள்ளூர்ப் பிள்ளைக்குக் கிடைத்தவை இவர்களுக்கும் கிடைத்தன. 1980களில் எம்.ஜி.ஆர். அரசு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட உயர்படிப்புகளிலும் ஈழ மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியது.

முகாம்களுக்குள் கல்விக்காகப் பாடுபட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் ஏதிலிகளே. தந்தை செல்வா என்று ஈழத் தமிழர் அழைக்கும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஒஃபர்' என்ற மறுவாழ்வு அமைப்பு, முகாம்தோறும் மழலையர் பள்ளியும் மாலை நேர வகுப்புகளும் நடத்தியது. பாடம் சொல்லித் தந்தவர்கள் அதே முகாமில் படித்து முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும். இயேசு சபையின் ஏதிலியர் பணிக் குழுவும் இதில் பங்கேற்றது. தனி மேசையோ நாற்காலியோ இல்லாத பத்துக்குப் பத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்க இடம் கிடையாது. மாலை வகுப்பின் பெரிய உதவியே விளக்கும் இடமும்தான்.

1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் மாறியது. உயர்கல்வி இடங்கள் பறிபோயின. பள்ளிகளில் சேர்ப்பதற்கே தயங்கினார்கள். தொண்டு அமைப்புகள் முகாமுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. 1992 ஜனவரியில் தொடங்கி 1995 மார்ச் வரை பல்லாயிரம் பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. ஏதிலியர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது. ஒரு குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளின் படிப்பை அதற்காக நிறுத்தியது அநியாயம். 1996இல் ஆட்சி மாறியபின் சலுகைகள் திரும்பின. ஆனால் இடையில் பிளஸ் டூ முடித்தவர்களின் ஆண்டுகள் போனது போனதுதான்.

பெற்றோரை விட்டுத் தனியே அயல்நாடு போன பிள்ளைகளும் ஈழக் கதையில் உண்டு. இராணுவத்தின் சுற்றிவளைப்புக்கும் இயக்கங்களின் ஆள்சேர்ப்புக்கும் பயந்து, யாழ்ப்பாணத்துப் பெற்றோர் காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் ஏஜென்டுக்குக் காசு கட்டிப் பதின்பருவப் பையன்களை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1980களின் நடுவில் விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்பது பெயர்பெற்ற வழி. இதற்கு எந்த மகாராஜாவும் புரவலர் இல்லை. அந்தப் பையன்களில் பலர் இன்று ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா நாடுகளின் குடிமக்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் தமிழ்நாட்டு முகாம்களிலும் பிள்ளைகள் படித்தார்கள்.

படித்து முடித்தபின்

முகாம் வாழ்க்கை கண்காணிப்புக்கு உட்பட்டது. கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் இருக்க வேண்டும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க அனுமதி வாங்க வேண்டும். மாதந்தோறும் வரும் பணக்கொடை பதிவோடு கட்டுண்டது. இவ்வளவுக்கும் நடுவே முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுவர். அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும்; தனியார் நிறுவனமும் பாஸ்போர்ட் இல்லாதவரை எடுக்கத் தயங்கும். பொறியியல் பட்டம் வாங்கிய முகாம் இளைஞர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போவது தமிழ்நாடு முழுவதும் சாதாரணமாகக் காணக்கூடியது. அதைப் பார்த்து வளரும் தம்பி எதற்காகக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்றது. அதன் 22ஆம் பிரிவு ஏதிலிக் குழந்தைகளைப் பற்றியது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான எந்தக் குழந்தையிடமும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. ஆக, பதினான்கு வயது வரை சட்டம் குழந்தையைப் பார்க்கிறது. அதற்குமேல் அயல்நாட்டாரைப் பார்க்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் மதிப்பில் புதிய திட்டங்களை அறிவித்தபோது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். 7,469 புதிய வீடுகள் திட்டத்தின் பெரிய பகுதி. பாலிடெக்னிக் மாணவரின் ஆண்டு உதவித்தொகை 2,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. கலை, அறிவியல் கல்லூரி மாணவருக்கு 3,000இலிருந்து 12,000. மதிப்பெண் அடிப்படையில் 50 பொறியியல் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்றது. அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. மாநில அரசால் செய்யக்கூடியது இவ்வளவுதான். குடியுரிமை மத்திய அரசின் கையில். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளை மட்டும் குறிப்பிட்டு, இலங்கையை விட்டுவிட்டது.

குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் இதைக் காட்டி வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலைக்குப் பின் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் இருவரும் ஏதிலிகளாக இருந்தால், இந்த வழி கிடையாது; அவர்களே பெரும்பான்மை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அந்த ஆணை குடியுரிமை எதையும் தரவில்லை.